கொத்துக்குள் கேலக்ஸிகள்: எது பெருத்தது, எது அப்படியே நின்றது

"ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெரிய கேலக்ஸிகள் இன்று இருப்பதைவிட நாலைந்து மடங்கு சிறியவையாக இருந்தன." இப்படி ஒரு வரி செய்தியில் வந்தால், படிக்கிறவர்களில் பலர் உடனே ஒரு காரணத்தைப் பொருத்திக்கொள்கிறார்கள். பிரபஞ்சம்தான் விரிந்துகொண்டே போகிறதே, அதோடு சேர்ந்து கேலக்ஸிகளும் விரிந்திருக்கும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

இதற்கு அடுத்தபடியாக அடிக்கடி காதில் விழுவது இது: கேலக்ஸிக் கொத்துகளில் நெரிசல் அதிகம், அங்கே எந்நேரமும் மோதல்தான், மோதி மோதியே எல்லாம் பெருத்துவிட்டன. இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையில் தெரியவந்த செய்திகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. அவை இப்படி ஒற்றை வரியில் நசுங்கிப்போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. வானியல் படித்திருக்கத் தேவையில்லை, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு சொற்கள். கோடிக்கணக்கான விண்மீன்கள் தங்கள் ஈர்ப்பால் சேர்ந்து நிற்கும் கூட்டம் கேலக்ஸி. விண்மீன் மண்டலம், விண்மீன் திரள் என்றும் எழுதுகிறார்கள். இங்கே கேலக்ஸி என்றே வைத்துக்கொள்வோம். நாம் இருக்கும் பால்வீதி ஒரு கேலக்ஸி. நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ கேலக்ஸிகள் ஒரே ஈர்ப்புக்குள் கட்டுண்டு கிடந்தால் அது கேலக்ஸிக் கொத்து.

## விளிம்பே இல்லாததை எப்படி அளப்பது?

இரவில் விமானத்திலிருந்து ஒரு பெரிய நகரத்தைப் பார்த்தால் நடுவில் விளக்குகள் அடர்த்தியாக இருக்கும். தள்ளிப் போகப் போக மெலியும். கடைசியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வீடுகள். அந்த நகரம் எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டால் யாராலும் விரலை வைத்துக் காட்ட முடியாது.

கேலக்ஸியும் அப்படித்தான். அதற்கு வேலியோ கரையோ கிடையாது. அதனால் வானியலாளர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள்: மொத்த ஒளியில் சரிபாதி எவ்வளவு பெரிய வட்டத்துக்குள் அடங்குகிறது? அந்த வட்டத்தின் ஆரம்தான் அரை ஒளி ஆரம். கேலக்ஸியின் "அளவு" என்று ஆய்வுகளில் வருவது பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, இதை மட்டும் மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் நடுப்பகுதியில் ஒரு வீடுகூடக் கூடவில்லை, புறநகரில் மட்டும் ஆயிரக்கணக்கில் புது வீடுகள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பாதி வீடுகளை உள்ளடக்க இப்போது வட்டத்தை இன்னும் பெரிதாகப் போட வேண்டும். அதாவது நடுப்பகுதியில் எதுவுமே மாறாமல் "அளவு" கூடிவிடும். கேலக்ஸிகளின் கதையில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

## வேறு வேறு ஆட்களின் படங்கள் உள்ள ஆல்பம்

ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு. தொலைவிலிருந்து வரும் ஒளி பழைய ஒளி. ஒளி ஆயிரம் கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மிடம் வந்திருந்தால், அந்தக் கேலக்ஸி அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் தெரியும். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். ஆக, நாம் பார்ப்பது அதன் இளமைக்காலம்.

ஆனால் ஒரே கேலக்ஸியின் குழந்தைப் படமும் முதுமைப் படமும் நமக்குக் கிடைக்காது. கையில் இருக்கும் ஆல்பத்தில் ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேறு ஆட்களின் படம்தான் இருக்கிறது. அதை வைத்து ஓர் ஆள் எப்படி வளர்ந்திருப்பார் என்று ஊகிக்க வேண்டும். இந்தச் சிக்கல் பின்னால் மறுபடி வரும்.

சரி, ஆல்பத்தில் என்ன தெரிகிறது? பத்தாயிரம் கோடி சூரியன்களின் நிறை கொண்ட கேலக்ஸிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுபோனவற்றை மட்டும் பார்ப்போம்; இவற்றை ஓய்ந்த கேலக்ஸிகள் என்போம். இன்று நம் அருகில் உள்ள இத்தகைய கேலக்ஸிகளின் அரை ஒளி ஆரம் சராசரியாக 15,000 ஒளியாண்டுகள் அளவில் இருக்கிறது. ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருந்தவற்றுக்கோ மூவாயிரம் நாலாயிரம் ஒளியாண்டுகள்தான். நிறை அதே நிறை. ஆரம் நாலைந்து மடங்கு குறைவு என்றால் கொள்ளளவு ஏறத்தாழ நூறு மடங்கு குறைவு. விண்மீன்கள் அந்த அளவுக்கு அடர்ந்து கிடந்தன.

2005-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இந்த முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது துறைக்குள்ளேயே பலருக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவ்வளவு தொலைவில் அப்படி ஒரு கேலக்ஸியை அளப்பது, ஒரு சிறிய நாணயத்தை இருபது கிலோமீட்டர் தள்ளி நின்று அளப்பதற்குச் சமம். ஹப்பிள் தொலைநோக்கியின் கூர்மையே அங்கே எல்லைக்கு வந்துவிடுகிறது. மங்கலான வெளிப்பகுதி கண்ணில் படாமல் போயிருக்கலாம், அதனால் சிறியதாகத் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானதே.

அதைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. அதே நிறை சின்ன இடத்துக்குள் அடைபட்டிருந்தால், உள்ளே விண்மீன்கள் மிக வேகமாகச் சுற்றித் திரிய வேண்டும். வானியலாளர் பீட்டர் வான் டொக்குமும் அவருடைய குழுவினரும் ஒரே ஒரு கேலக்ஸியின் ஒளியை ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் மொத்தம் 29 மணி நேரம் சேகரித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். விண்மீன்களின் வேகம் நொடிக்கு 500 கிலோமீட்டர் அளவில் இருந்தது. இன்றைய அதே நிறையுள்ள கேலக்ஸிகளில் இதில் பாதிதான் இருக்கும். ஒற்றை மங்கலான புள்ளிக்காக 29 மணி நேரம் காத்திருந்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. அதே ஆண்டு ஹப்பிளில் புதிய அகச்சிவப்புக் கேமரா பொருத்தப்பட்டது. அதன் கூர்மையான படங்களும் அந்தக் கேலக்ஸிகள் நிஜமாகவே கச்சிதமானவை என்று காட்டின.

## பிரபஞ்சம் விரிவதால் கேலக்ஸி விரியாது

அகலமாகிக்கொண்டே போகும் ஓர் ஆற்றில் கட்டைகள் மிதந்து செல்கின்றன என்று நினையுங்கள். நீர் பரவப் பரவக் கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் கூடும். ஆனால் எந்தக் கட்டையும் நீளாது. அதன் நார்கள் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கின்றன.

கேலக்ஸிக்குள் அந்தப் பிடிப்பு ஈர்ப்பு. பிரபஞ்ச விரிவு, ஒன்றையொன்று பிடித்து வைக்காத பொருள்களுக்கு இடையேதான் செல்லுபடியாகும். கேலக்ஸிக்குள் அது தோற்றுப்போய் வெகுகாலம் ஆகிறது. கொத்துக்குள்ளும் அப்படியே, கொத்தில் உள்ள கேலக்ஸிகள் விரிவால் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதில்லை.

விரிவுதான் காரணம் என்றால் இன்னொன்றும் நடந்திருக்க வேண்டும். ரப்பரை இழுப்பதுபோல நடுப்பகுதியும் சேர்ந்து இளகியிருக்கும். அப்படி நடக்கவில்லை. 2010-இல் வான் டொக்குமின் குழு காட்டியது: நடுவிலிருந்து சுமார் 16,000 ஒளியாண்டுகளுக்குள் இருக்கும் நிறை கடந்த ஆயிரம் கோடி ஆண்டுகளில் கிட்டத்தட்ட மாறவே இல்லை. அதற்கு வெளியே இருக்கும் நிறை ஏறத்தாழ நான்கு மடங்கு கூடியிருக்கிறது. நடுநகரம் அப்படியே இருக்கிறது, புறநகர்தான் வளர்ந்திருக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: அளவு என்பது பாதி ஒளியை அடக்கும் வட்டத்தின் ஆரம். பழைய பெரிய கேலக்ஸிகள் நிஜமாகவே மிகக் கச்சிதமாக இருந்தன. வளர்ச்சி வெளிப்புறத்தில் நடந்தது, அதற்கும் பிரபஞ்ச விரிவுக்கும் தொடர்பில்லை.

## முதலில் ஏன் அவ்வளவு கச்சிதம்?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆதி பிரபஞ்சத்தில் வாயு ஏராளம். வாயுவுக்கு ஒரு குணம் உண்டு: மோதினால் சூடேறும், சூட்டை ஒளியாக வெளியே விட்டுவிடும், ஆற்றலை இழந்து மேலும் உள்ளே விழும். இப்படி நடுவில் குவிந்த வாயுவில் குறுகிய காலத்தில் விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறந்தன. பிறகு வாயு தீர்ந்தோ, சூடேறியோ, வெளியே தள்ளப்பட்டோ பிறப்பு நின்றது. மிஞ்சியது அடர்த்தியான ஒரு விண்மீன் பந்து.

விண்மீன்களுக்கு அந்தக் குணம் கிடையாது. இரண்டு விண்மீன் கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போனாலும் விண்மீனும் விண்மீனும் முட்டிக்கொள்வது மிக மிக அரிது. இடைவெளி அவ்வளவு. எனவே ஆற்றலை வெளியே விட வழியில்லை. வாயு இல்லாத கேலக்ஸி தானாகச் சுருங்காது. ஆனால் வெளியிலிருந்து விண்மீன்கள் வந்து சேர்ந்தால் பெருக்கும்.

## ஒன்றைப் பெரிதாக விழுங்குவதும் பலவற்றைச் சிறிதாக விழுங்குவதும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரண்டு கேலக்ஸிகள் சேர்ந்து ஒன்றாவதை இணைவு என்கிறோம். சம எடையுள்ள இரண்டு சேர்வது ஒரு வகை. பெரிய ஒன்று சின்னச் சின்னக் கேலக்ஸிகளைப் பலமுறை விழுங்குவது இன்னொரு வகை. இரண்டிலும் கடைசியில் நிறை ஒரே அளவு கூடினாலும், அளவு கூடுவது ஒரே மாதிரி இருக்காது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு கேலக்ஸியைப் பிய்த்து எல்லா விண்மீன்களையும் தனித்தனியாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அது அதன் பிணைப்பாற்றல். தோராயமாக, நிறையை நிறையால் பெருக்கி, அளவால் வகுத்தால் வருவது அது. நம் கேலக்ஸியின் நிறை 1, அளவு 1, பிணைப்பாற்றல் 1 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வகை: அதே போன்ற இன்னொன்று வந்து சேர்கிறது. மொத்த நிறை 2. இரண்டின் பிணைப்பாற்றலும் சேர்ந்து 2. நிறையின் வர்க்கம் 4; அதை எந்த அளவால் வகுத்தால் 2 வரும்? 2. ஆக நிறை இரட்டிப்பானால் அளவும் இரட்டிப்பாகிறது.

இரண்டாம் வகை: சின்னச் சின்னக் கேலக்ஸிகள் பல வந்து, மொத்தத்தில் அதே 1 நிறையைச் சேர்க்கின்றன. இவை ஒவ்வொன்றும் தளர்வாகக் கட்டப்பட்டவை. அவற்றின் பிணைப்பாற்றல் எல்லாம் சேர்ந்தும் கணக்கில் பெரிதாக வராது. எனவே மொத்தப் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 1-லேயே நிற்கிறது. 4-ஐ எதால் வகுத்தால் 1 வரும்? 4. நிறை இரண்டு மடங்குதான் கூடியது, அளவோ நான்கு மடங்கை நெருங்கிவிட்டது.

இந்த எண்களைத் திரும்பிப் பாருங்கள். வான் டொக்குமின் குழு 2010-இல் கண்ட வளர்ச்சியும் இதே சாயலில்தான் இருந்தது: அளவு சில மடங்கு, நிறை சுமார் இரு மடங்கு. 2009-இல் தோர்ஸ்டன் நாப், பீட்டர் யோஹான்சன், ஜெரெமியா ஆஸ்ட்ரைக்கர் ஆகியோர் இந்தக் கணக்கையும் கணினி உருவகிப்பையும் சேர்த்து வைத்துக் காட்டியபோது, பல நாள் குழப்பத்துக்கு ஒரு வழி கிடைத்தது.

கண்ணால் பார்ப்பதுபோலச் சொல்ல வேண்டுமானால்: சின்னக் கேலக்ஸி ஒன்று பெரியதை நெருங்குகிறது. அருகில் இருக்கும் பக்கத்தைப் பெரியது பலமாக இழுக்கிறது, தள்ளி இருக்கும் பக்கத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. அந்த வித்தியாசத்தில் சின்னது நூல் நூலாகப் பிரிகிறது. தளர்வான கட்டு என்பதால் நடுவைத் தொடுவதற்கு வெகு முன்பே அவிழ்ந்துவிடுகிறது. அதன் விண்மீன்கள் அவிழ்ந்த இடத்திலேயே, அதாவது வெளிப்புறத்திலேயே, பெரியதைச் சுற்றத் தொடங்குகின்றன. புறநகரில் புது வீடுகள்.

## வகுப்பில் சேர்ந்த உயரமான மாணவர்கள்

இங்கேதான் ஆல்பச் சிக்கல் திரும்ப வருகிறது. ஒரு வகுப்பில் மாணவர்களின் சராசரி உயரம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது என்றால், எல்லோரும் வளர்ந்தார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் யாருமே வளராமல், புதிதாகச் சேர்ந்தவர்கள் உயரமானவர்களாக இருந்தாலும் சராசரி கூடும்.

ஓய்ந்த கேலக்ஸிகளின் பட்டியலும் அப்படி ஒரு வகுப்புதான். மிக முன்னதாக ஓய்ந்தவை, வாயு அடர்ந்திருந்த காலத்தில் உருவானதால் கச்சிதமானவை. பின்னால் ஓய்ந்தவை இயல்பிலேயே பெரியவை, ஏனென்றால் அவை வெகுநாள் விரிந்த வட்டுகளாக இருந்து விண்மீன்களைப் பெற்றெடுத்தவை. இவை பட்டியலில் சேரச் சேரச் சராசரி ஏறும். முன்னோர் யார், புதுவரவு யார் என்று பிரித்துப் பார்க்காததால் வரும் இந்தப் பிழைக்கு முன்னோர் சார்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

கொத்துகளில் இது இன்னும் முக்கியம். கொத்தில் கேலக்ஸிகளுக்கு இடையே எங்கும் கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள மெல்லிய வாயு நிரம்பியிருக்கிறது. ஒரு சுருள் கேலக்ஸி அதற்குள் வேகமாக விழும்போது, எதிர்க்காற்று துணியை உருவுவதுபோல் அதன் குளிர்ந்த வாயு உருவப்படுகிறது. வாயு போனால் புது விண்மீன் இல்லை, கேலக்ஸி ஓய்ந்துவிடும். அப்படியே ஓய்ந்தோர் பட்டியலில் ஏறிவிடும், தன் பெரிய அளவோடு.

2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நமக்குப் பக்கத்துக் கொத்துகளில் உள்ள நிறைமிக்க கேலக்ஸிகளை அளந்து, அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இன்றும் பழங்காலக் கச்சிதத்தோடு இருப்பதைக் காட்டியது. எல்லாமே நாலைந்து மடங்கு பெருத்துவிட்டன என்று சொல்வது ஏன் சரியில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன. மிக நிறை கொண்டவற்றில் விழுங்குதல் மேலோங்கியிருக்கிறது. நடுத்தரமானவற்றில் புதுவரவுகளின் பங்கு பெரிது.

சுருக்கமாக: ஒரு கேலக்ஸி சின்னவற்றை விழுங்கி வெளிப்புறமாகப் பெருக்கலாம். அது ஒன்றுமே செய்யாமல், அது இருக்கும் கூட்டத்தின் சராசரி மட்டும் கூடலாம். செய்தியில் "வளர்ந்தன" என்று வந்தால் எது என்று கேட்க வேண்டும்.

## நெரிசல் உண்டு, ஆனால் நின்று பேச நேரமில்லை

இப்போது கொத்துக்குள் போவோம். நடந்து போகிற இருவர் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் நின்று பேசுவார்கள், சேர்ந்தும் நடப்பார்கள். எதிரெதிர்த் திசையில் விரையும் இரண்டு ரயில்களில் அவர்கள் இருந்தால்? எவ்வளவு அருகில் கடந்தாலும் ஒரு கணம்தான்.

இணைவுக்கும் இதே நிபந்தனை. இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று அணுகும் வேகம், அவற்றுக்குள்ளே விண்மீன்கள் ஓடும் வேகத்தை ஒட்டியிருந்தால்தான் பிடித்து நிறுத்த முடியும். பெரிய கேலக்ஸிக்குள் அந்த வேகம் நொடிக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர். முழு வளர்ச்சி அடைந்த கொத்துக்குள் கேலக்ஸிகள் பாய்வதோ நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில். 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா என்ற கேலக்ஸிக் கொத்தில் இந்த வேகங்களைக் கணக்கிட்டுத்தான், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நிறை அங்கே இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஒளிராத நிறையைக் கரும்பொருள் என்கிறோம். அது கொடுக்கும் பலத்த ஈர்ப்பில்தான் இவ்வளவு வேகம் வருகிறது. அதே வேகம்தான் இணைவையும் தடுக்கிறது.

அப்படியானால் கொத்தில் இணைவே இல்லையா? உண்டு, ஆனால் முன்னால். எந்தக் கொத்தும் ஒரே நாளில் கொத்தாகிவிடவில்லை. அஞ்சாறு, பத்துப் பதினைந்து என்று கேலக்ஸிகள் சேர்ந்த சின்னக் குழுக்களாக அது தொடங்கியது. குழுவில் ஈர்ப்பு குறைவு, வேகமும் குறைவு. எல்லாம் நடைபாதைச் சந்திப்புகள். அங்கேதான் விழுங்கலும் இணைதலும் மும்முரமாக நடந்தன. பின்னர் அந்தக் குழுக்களே ஒன்றோடொன்று சேர்ந்து பெரும் கொத்தானதும் வேகம் ஏறி, கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

இது சரியென்றால் ஒரு விளைவை எதிர்பார்க்கலாம். கொத்தாகப் போகிற இடங்களில் இருந்த கேலக்ஸிகள் முன்னதாகவே பெருத்திருக்க வேண்டும், தனித்திருந்தவை மெதுவாகப் பின்னால் வந்து எட்டிப் பிடித்திருக்க வேண்டும். எண்ணூறு முதல் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கொத்துகளை ஆராய்ந்த பல குழுக்கள் அப்படியே கண்டிருக்கின்றன: அதே நிறையில், கொத்தில் உள்ள ஓய்ந்த கேலக்ஸிகள் சராசரியாகச் சற்றுப் பெரியவை. வேறு சில குழுக்கள், அதே காலத்துக் கொத்துகளில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்கின்றன. இன்றைய பிரபஞ்சத்தில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. கொத்தில் இருந்தவை முன்கூட்டியே வளரத் தொடங்கின, அவ்வளவுதான் என்ற படம் எனக்கு நம்பத் தகுந்ததாகத் தெரிகிறது.

## வளரவே வளராத ஒன்று

பெர்சியஸ் கொத்து நம்மிடமிருந்து சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே என்ஜிசி 1277 என்று ஒரு கேலக்ஸி. படத்தில் பார்த்தால் கண் தாண்டிப் போய்விடும்: வழவழப்பான சின்ன அவரை விதை போன்ற ஒளி, சுற்றிலும் பெரிய ஒளிவட்டம் எதுவும் இல்லை, சுருள் கைகள் இல்லை. ஆனால் நிறை சுமார் 12,000 கோடி சூரியன்கள். அரை ஒளி ஆரம் வெறும் நாலாயிரம் ஒளியாண்டுகள். விண்மீன்கள் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானவை. ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படியே எழுந்து வந்து நம் எதிரில் உட்கார்ந்ததுபோல.

இக்னாசியோ துருஹியோவும் சக ஆய்வாளர்களும் 2014-இல் இதைப் பழங்காலத்தின் எச்சம் என்று அடையாளம் காட்டினார்கள். அதை உறுதிப்படுத்திய சான்று 2018-இல் வந்தது, அது அருமையான துப்பறிவு. பெரிய கேலக்ஸிகளைச் சுற்றிக் கோள வடிவக் கொத்துகள் இருக்கும். லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டவை. அவற்றில் சிவப்பு நிறத்தவை கேலக்ஸியோடு கூடவே பிறந்தவை. நீல நிறத்தவை பெரும்பாலும் விழுங்கப்பட்ட சின்னக் கேலக்ஸிகளோடு வந்தவை. அதாவது நீலக் கொத்துகளை எண்ணினால் ஒரு கேலக்ஸி எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹப்பிள் படத்தில் என்ஜிசி 1277-ஐச் சுற்றி எண்ணிப் பார்த்தார்கள். சிவப்பு இருந்தது. நீலம் கிட்டத்தட்ட இல்லை. அது ஏறக்குறைய எதையுமே விழுங்கவில்லை.

காரணம் அதன் இருப்பிடம்தான். கொத்துக்குள் அது படுவேகமாகச் சுற்றுகிறது, எந்தச் சின்னக் கேலக்ஸியும் அதன் பிடிக்குள் சிக்குவதில்லை. புது வாயுவும் வந்து சேர வழியில்லை. கொத்து கேலக்ஸியைப் பெருக்க வைக்கும் என்று பொதுவாகச் சொல்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கொத்து ஒரு கேலக்ஸியை ஆயிரம் கோடி ஆண்டுகள் அப்படியே பூட்டியும் வைக்கும்.

இன்னும் ஒரு படி போய், கொத்து சிலவற்றைச் சிறியதாகவும் ஆக்குகிறது. கன்னிக் கொத்தில் எம்60 என்ற பெரிய கேலக்ஸிக்கு அருகே, குறுக்களவு 300 ஒளியாண்டு மட்டுமே உள்ள ஒரு குள்ளக் கேலக்ஸி இருக்கிறது. 2014-இல் அதன் நடுவில் 2.1 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கருந்துளைக்கு அது பொருத்தமான வீடே அல்ல. ஒரு காலத்தில் பெரிய கேலக்ஸியாக இருந்து, அண்டையிலிருப்பது வெளிப்புறத்தை உரித்தெடுத்த பிறகு மிஞ்சிய விதை அது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

## நடுநாயகத்துக்கு மட்டும் கதவு மூடுவதில்லை

கொத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான கேலக்ஸியை நடுநாயகம் என்று அழைக்கலாம். ரயில் உதாரணம் இதற்குப் பொருந்தாது; இது நிலையம், ஓடிக்கொண்டிருப்பவை மற்றவை.

கனமான கேலக்ஸி ஒன்று கரும்பொருளுக்கு நடுவே பாய்ந்து போகும்போது, அதன் ஈர்ப்பால் பின்னால் ஒரு வால்போலப் பொருள் திரளும். அந்த வால் அதையே பின்னோக்கி இழுக்கும். இப்படி வேகம் குறைவதை இயக்க உராய்வு என்கிறோம். எடை கூடக் கூட உராய்வு கூடும். அதனால் கனமானவை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் இழந்து நடுவுக்குத் தாழ்ந்து வருகின்றன, அங்கே நடுநாயகத்தில் கரைகின்றன. கொத்தில் இணைவுக்கான கதவு மூடிய பின்னும் வளர்வது நடுநாயகம் ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

கன்னிக் கொத்தின் எம்87 சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கருந்துளைப் படத்தால் பலருக்கும் பெயர் தெரிந்த கேலக்ஸி. அதன் மங்கலான வெளிவட்டத்தில் இறந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் சில, தங்கள் ஒளியில் பெரும்பகுதியை ஒரே ஒரு பச்சை நிறத்தில் வீசுகின்றன. அப்படிப்பட்ட சுமார் 300 விண்மீன்களின் வேகத்தை அளந்து 2015-இல் ஒரு குழு ஆராய்ந்தது. அவற்றில் ஒரு கூட்டத்தின் வேகம் மட்டும் தனியாக, ஒரே தாளத்தில் இருந்தது. கடந்த நூறு கோடி ஆண்டுகளுக்குள் எம்87 நடுத்தர அளவுள்ள ஒரு கேலக்ஸியை விழுங்கியிருக்கிறது, அந்தக் கூட்டம் அதன் மிச்சம்.

உதிர்ந்த விண்மீன்கள் எல்லாமே நடுநாயகத்துக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. சில எந்தக் கேலக்ஸிக்கும் சேராமல் கொத்தின் பொது வெளியில் அலைகின்றன. அந்த மெல்லிய வெளிச்சம் கொத்திடை ஒளி. ஸ்விக்கி 1951-இலேயே கோமாவில் இதைக் கவனித்திருந்தார். ஏபெல் 2744 என்ற கொத்தில் ஹப்பிள் கண்ட கொத்திடை ஒளியை 2014-இல் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 20,000 கோடி விண்மீன்கள் வீடிழந்து நிற்பதாகத் தெரிந்தது. சிதைந்த கேலக்ஸிகள் ஆறு வரை இருக்கலாம்.

இதனால் நடுநாயகத்தை அளப்பதில் ஒரு தலைவலி. நகரத்தின் புறநகர் அடுத்த ஊரின் வயல்வெளிவரை மெலிந்து மெலிந்து போனால் எல்லையை எங்கே போடுவது? நடுநாயகத்தின் வெளிவட்டமும் கொத்திடை ஒளியும் அப்படித்தான் ஒன்றில் ஒன்று கரைகின்றன. ஓர் ஆய்வு பெரும் வளர்ச்சி என்கிறது, இன்னொன்று கொஞ்சம்தான் என்கிறது. முரண்பாட்டில் கணிசமான பங்கு கோட்டை எங்கே போட்டார்கள் என்பதில் இருக்கிறது. அதனால் நடுநாயகத்தின் அளவைப் பற்றி எங்கே படித்தாலும், எவ்வளவு மங்கலான ஒளிவரை சேர்த்து அளந்தார்கள் என்று நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.

இந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஓர் இடத்தைப் பார்க்க விரும்பினால் ஏபெல் 3827 கொத்தின் ஹப்பிள் படத்தைத் தேடிப் பாருங்கள். நம்மிடமிருந்து 130 கோடி ஒளியாண்டு அளவில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒளிப்போர்வை, அதற்குள் தனித்தனியாகப் பிரகாசிக்கும் நான்கு உருண்டைகள். நான்கும் முன்பு தனித்தனி நீள்வட்டக் கேலக்ஸிகள். வெளிப்புறங்கள் ஏற்கெனவே கழன்று பொதுப் போர்வையாகிவிட்டன. இறுகிய நடுக்கருக்கள் மட்டும் இன்னும் கரையாமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன.